எலிசேயோவின் ஈஸ்ட்

ஓஸ்மார் கயுபானுக்கு ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடமாக ஒரே வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி, துணி என்று எது வந்தாலும் கழுவி, பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்துவார். நீராவி சீறி அடங்கியதும் பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவைப் பார்ப்பார். அதில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் உள்ளே எதுவும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். விழாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த வேலையில் அவருக்குச் சலிப்பும் இல்லை, பெருமையும் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வார். பெருமை கொஞ்சம் உண்டு. சுத்தம் என்றால் சூடு, மற்றதெல்லாம் பூச்சு வேலை என்பது அவருடைய எண்ணம்.

அவருடைய மகன் எலிசேயோ பீர் காய்ச்சுகிறவன். பகலில், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுவான், சனிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இருபது லிட்டர் காய்ச்சுவான். எல் போல்சோன் என்ற அந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் காய்ச்சுகிறார்கள். ஆனாலும் எலிசேயோவின் சிவப்பு பீர் என்றால் பிறந்தநாள் வீடுகளில் முதலில் காலியாவது அதுதான். மூன்று வருடமாக அவன் ஒரே ஈஸ்ட்டை வைத்துக் காப்பாற்றி வந்தான். ஒருமுறை காய்ச்சி முடித்ததும் கேனின் அடியில் தங்கும் மண்டியை ஜாடியில் எடுத்து வைப்பான், அடுத்த தடவை அதையே போடுவான்.

அவன் இறந்தது ஜூன் மாதம், அந்த ஊரில் நடுக்குளிர்காலம். சாலையில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருந்தது, வளைவில் வண்டி நிற்கவில்லை. இருபத்தாறு வயது.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஓஸ்மாரின் மனைவி நில்டா எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தாள். அலமாரி, ஜன்னல், பிறகு ஃப்ரிட்ஜ். கதவின் உட்புறத்தில் ஒரு ஜாடி, அடியில் வெளிறிய சேறு, மேலே கலங்கிய நீர். அதைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு வெனான்சியோ, ஹாப்ஸ் உலர்த்தும் சூளையில் வேலை பார்க்கிறவன், மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"அதக் கொட்டிராத, நில்டா."

"கெட்டுப் போயிருக்கு."

"கெடல. ஈஸ்ட்டு அது. அவனோடது."

"இது உயிரோடவா இருக்கு?"

"தூங்குது. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் பார்லிச் சாறு குடுத்தா முழிச்சுக்கும். குடுக்கலைன்னா கொஞ்சம் கொஞ்சமா போயிரும்."

நில்டா ஜாடியை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஓஸ்மார் கொட்டகையின் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.

காய்ச்சத் தெரியாது. வெனான்சியோ கூட நின்று சொல்லிக்கொடுத்தான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் கேனில் விடுவது. அதுவரை எதைத் தொட்டாலும் பரவாயில்லை. ஆறிய பிறகு சாறு படுகிற ஒவ்வொரு பொருளிலும்தான் ஆபத்து. குழாய், புனல், மூடி எல்லாவற்றையும் எலிசேயோ ஏதோ அமில மருந்தில் நனைத்து எடுப்பான். அந்தப் புட்டி பாதி இருந்தது. ஓஸ்மார் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"மருந்து வேணாம். கொதிக்கிற தண்ணி போதும். ஆஸ்பத்திரில நாங்க மருந்துலயா வயித்துக் கத்தியக் கழுவுறோம்?"

"உன் தொழில் உனக்குத் தெரியும்" என்றான் வெனான்சியோ.

ஓஸ்மாரின் கக்கத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்க் இருக்கும், மாத்தே என்ற இலைக் கசாயம் குடிப்பதற்கு. அந்த ஊரில் ஆண் பெண் எல்லாருக்கும் இருக்கும். அதிலிருந்தே குழாய்க்குள் வெந்நீரை ஊற்றி அலசினார். ஆகஸ்டில் காய்ச்சியது நன்றாக வந்தது. அக்டோபரில் காய்ச்சியது இன்னும் நன்றாக. அடிமண்டியை நாலு ஜாடிகளில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். நில்டா ஒரு டம்ளர் குடித்துவிட்டு எழுந்து உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அதுதான் பாராட்டு என்று ஓஸ்மாருக்குப் புரிந்தது. கொட்டகைப் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை.

நவம்பரில் பழைய எனாமல் கெட்டில் விறகடுப்பிலேயே அடிப்பிடித்து ஓட்டையானது. நில்டா கரண்டில் ஓடுவது ஒன்று வாங்கி வந்தாள். பட்டனைத் தட்டினால் சற்று நேரத்தில் டக்கென்று தானே நின்றுவிடும்.

டிசம்பரில் முதல் ஜாடியைப் போட்டுக் காய்ச்சியது புளித்தது. பீருக்கு உள்ள புளிப்பில்லை, வினிகர். ஓஸ்மார் மூன்று பாட்டில் திறந்து பார்த்தார். மூன்றும் அப்படித்தான். அன்று மதியம் சமையலறையில் நின்றுகொண்டு அலமாரியையே பார்த்தார். அங்கே ரொட்டிக்கு வைத்திருந்த புளித்த மாவு, ஒரு ஜாடி நிறைய, துணி மூடி.

"இதுதான்" என்றார்.

"எது?"

"உன் மாவு. இதுல இருக்கிறது காத்துல பறக்கும். என் சட்டையில ஒட்டும். நான் அப்படியே கொட்டகைக்குப் போறேன்."

"மூணு வருஷமா அந்த மாவு அங்கதான் இருக்கு, கிழவா. அவன் காய்ச்சினப்ப பறக்கலையா?"

"அவனுக்குப் பாத்துக்கத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாது. உன் மாவு என் பையனோட பீரக் கெடுக்குது."

"உன் பையனோட" என்றாள் நில்டா. கேள்வியாகக் கேட்கவில்லை. அவர் சொன்னதை எடுத்து அவர் முன்னாலேயே வைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மாவு ஜாடி கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது. முற்றத்தில் கோழிகள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து அந்த வீட்டில் கடை ரொட்டி.

பிப்ரவரியில், ஹாப்ஸ் அறுவடை நேரத்தில், இரண்டாவது ஜாடியைப் போட்டார். கொட்டகை ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து பழைய தொப்பியும் முகமூடியும் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். வெனான்சியோவை வாசற்படியிலேயே நிறுத்தினார், அவன் உடம்பெல்லாம் சூளைத் தூசு என்று.

"உள்ள பீரா காய்ச்சுற, குடல் ஆப்பரேஷனா பண்ற?" என்று வெனான்சியோ வெளியிலிருந்து கேட்டான்.

பத்தாம் நாள் கேன் மூடியைத் திறந்தபோது மேலே வெள்ளையாக ஒரு ஆடை படர்ந்திருந்தது. சுருக்கம் சுருக்கமாக, ஆறிய பாலின் ஏடு போல. நாற்றம் அடிக்கவில்லை. அடித்திருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். இருபது லிட்டரையும் வேலியோரம் ஊற்றிவிட்டுக் கேனைத் தேய்த்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து மறுபடியும் தேய்த்தார். தேய்த்த கோடுகளில்தான் கிருமி குடியிருக்கும் என்று வெனான்சியோ சொன்ன பிறகு அந்தக் கேனை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்.

மூன்றாவது ஜாடி ஏப்ரலில். அது பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ருசியும் மோசமில்லை, நம்பி பாட்டிலில் அடைத்தார். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது, கொட்டகையிலிருந்து வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து இரண்டு. தெரு நாய்களெல்லாம் குரைத்தன. ஓஸ்மார் கரண்டியைக் கீழே வைத்தார், எழவில்லை. நாலாவது வெடித்தது. அப்புறம்தான் எழுந்து போனார்.

தரையெல்லாம் கண்ணாடியும் நுரையும். அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் துடைப்பத்தின் சத்தம் கேட்டது. நில்டா. ஒரு வருடத்துக்குப் பிறகு கொட்டகைக்குள் வந்திருந்தாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் தரையை மட்டும் பார்த்துக் கூட்டினாள்.

"எத்தன போச்சு?"

"ஏழு."

"மிச்சம்?"

"அதையும் திறந்து கொட்டணும். இல்லன்னா வெடிக்கும். உள்ள வேற ஏதோ பூந்து சக்கரையத் தின்னுட்டிருக்கு."

"துண்டு எடுத்துட்டு வரேன். முகத்துக்கு நேரா பிடிக்காத."

முப்பது பாட்டில்களைத் துண்டு சுற்றித் திறந்தார்கள். அவர் பிடிக்க, அவள் திறந்தாள். ஒவ்வொன்றும் கூரைவரை பீய்ச்சியது. முடிந்தபோது இருவருடைய தலைமுடியும் நனைந்து ஒட்டியிருந்தது. சிரித்திருக்க வேண்டிய காட்சிதான். இருவருக்கும் களைப்பாக இருந்தது.

"இன்னும் எத்தன ஜாடி?" என்று கேட்டாள்.

"ஒண்ணு."

அந்த ஒரு ஜாடி அக்டோபர் மாதத்தது. மண்டியின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது, வெளிறிய பழுப்பிலிருந்து கரும்பழுப்புக்கு. காய்ச்சினால் கெட்டுப்போகலாம். காய்ச்சாமல் வைத்தால் ஃப்ரிட்ஜிலேயே செத்துப்போகும். ஓஸ்மார் ஊருக்குள் விசாரித்தார். எலிசேயோ உயிரோடிருந்தபோது அவனிடம் மண்டி வாங்கிப்போனவர்கள் மூன்று பேர். ஒருவன் கார்டோபாவுக்குக் குடிபோய்விட்டான். ஒருவன் காய்ச்சுவதையே விட்டுவிட்டான். மூன்றாமவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரிஞ்சிருந்தா வச்சிருப்பேன், ஓஸ்மார் ஐயா. இப்ப எல்லாம் பாக்கெட் ஈஸ்ட்டுதான். சுலபமா இருக்கு" என்றான். அவன்மேல் ஓஸ்மாருக்கு வருத்தம் இல்லை. எதையாவது வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஜூன் வந்தது. முதலாம் ஆண்டுப் பிரார்த்தனை முடிந்த மறுநாள் வெனான்சியோ வந்து உட்கார்ந்தான். அவனுக்கு வயிற்றில் புண். டாக்டர் மாத்தேயை நிறுத்தச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் ஒருவன் தேநீர் கேட்பதே ஒரு அவமானம், அதை அவன் மெல்லிய குரலில்தான் கேட்டான். நில்டா கெட்டில் பட்டனைத் தட்டினாள். டக்கென்று நின்றதும் கோப்பையில் ஊற்றித் தேயிலைப் பையைப் போட்டுக் கொடுத்தாள்.

வெனான்சியோ ஒரு வாய் குடித்தான். பையைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி அமுக்கினான்.

"என்ன நில்டா இது, ஆத்துத் தண்ணி கணக்கா. நிறமே இறங்கல."

"இப்பத்தானே நின்னுச்சு. உன் கண்ணு முன்னாடிதான்."

"நின்னுச்சு, சரி. கொதிச்சுச்சா?"

அவன் எழுந்து போய்க் கெட்டிலைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு சின்னத் திருகு. ஒரு பக்கம் மாத்தே குடுவையின் படம், மறுபக்கம் மூன்று குமிழிகள். திருகு குடுவைப் பக்கம் இருந்தது. வாங்கின நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. கொதித்த தண்ணீரில் மாத்தே இலை வெந்து கசந்துவிடும் என்று அந்த ஊரில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். கொதிக்கும் பக்கம் திருப்ப யாருக்கு என்ன தேவை?

"இது மாத்தேக்கு நிக்கிற நிப்பு. கொதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அணைஞ்சுரும். பிளாஸ்க்ல போயி, கொட்டகைக்குப் போயிச் சேர்றதுக்குள்ள கை வைக்கிற சூடுதான் இருக்கும்" என்றான் வெனான்சியோ. சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஓஸ்மாரைப் பார்த்தான். "டேய். நீ குழாயக் கழுவுனது இந்தத் தண்ணியிலயா?"

ஓஸ்மார் கெட்டிலை வாங்கித் திருகை விரலால் தடவினார்.

"இருபத்தேழு வருஷம் ஆஸ்பத்திரில கிருமியக் கொன்னவன்டா நீ. வீட்டுக்கு வந்து அதுக்கு வெந்நீர்க் குளியல் போட்டு விட்டிருக்கியே."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"முதல் ரெண்டு தடவையும் நல்லா வந்துச்சே" என்றார் ஓஸ்மார், தனக்குத்தானே.

"அப்ப பழைய கெட்டில்" என்றாள் நில்டா. "அடுப்புல மறந்துருவேன். தளதளன்னு கொதிச்சுரும். மாத்தேக்கு ஆகாதுன்னு நான் சத்தம் போடுவேன், நீ அந்த வீணாப்போன தண்ணியத்தான் பிளாஸ்க்ல ஊத்திக் கொட்டகைக்கு எடுத்துட்டுப் போவ."

வெனான்சியோ கோப்பையை வைத்துவிட்டு, சூளையில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். ஜூனில் சூளையில் வேலை கிடையாது.

ஓஸ்மார் கெட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாவ வீணா கொட்ட வச்சுட்டேன்" என்றார் கடைசியில்.

"அது அவன் குடுத்தது" என்றாள் நில்டா.

"எது?"

"அந்த மாவு. முதல்முதலா காய்ச்சின அன்னைக்கு அடிமண்டில ஒரு கரண்டி எடுத்துட்டு வந்து, அம்மா, ரொட்டிக்குப் போட்டுப் பாருன்னான். அதுலருந்து வளத்தது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, கிழவி."

"என் பையன்னு சொன்ன நீ. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அவர் மேசையில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் வெனான்சியோ மிச்சம் வைத்த தேநீரைத் தொட்டியில் ஊற்றினாள். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் இருவரிடமும் தெம்பு இல்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "சனிக்கிழமை காய்ச்சலாம். நானும் வரேன்."

சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால், ஒரு குவளைச் சாறு காய்ச்சி ஆறவைத்துக் கடைசி ஜாடியை அதில் கவிழ்த்தார்கள், எழுப்பிப் பார்க்க. மண்டியில் ரொட்டி வாசனை இல்லை. வேகவைத்த இறைச்சித் தண்ணீர் போல ஒரு வாடை. மூன்றாம் நாள் காலை குவளையின் விளிம்பில் இரண்டு குமிழி இருக்கிறது என்றாள் நில்டா. ஓஸ்மார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இருக்கிறது என்றார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

காய்ச்சின அன்று குழாய், புனல், மூடி, கரண்டி என எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டார்கள். கொட்டகை முழுக்க ஆவி. நில்டா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறிய சாற்றைக் கேனில் விட்டு, குவளையில் இருந்ததை அதில் ஊற்றி, மூடியில் தண்ணீர்க் குழலைச் செருகினார்கள். ஈஸ்ட் வேலை தொடங்கினால் அந்தக் குழலில் காற்று குமிழியாக வெளியேறும். பளக், பளக் என்று கேட்கும்.

ஞாயிறு கேட்கவில்லை. குளிர் என்று சொல்லிக் கேனைச் சமையலறைக்குத் தூக்கி வந்து அடுப்போரம் வைத்தார்கள். திங்கள் ஓஸ்மார் வேலைக்குப் போகும்போது கேட்கவில்லை, வந்தபோதும் கேட்கவில்லை. கேனுக்குப் போர்வை சுற்றினாள் நில்டா. வெனான்சியோ வந்தான், குழலைப் பார்த்தான், பையிலிருந்து ஒரு பாக்கெட் ஈஸ்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சும்மா வச்சுட்டுப் போறேன். போடச் சொல்லல."

"எத்தன நாள் பொறுக்கலாம்?"

"சாறு சும்மா கிடந்தா எத எதயோ வரவேற்கும், ஓஸ்மார். இன்னைக்கே மூணாவது நாள். நாளைக்கு மேல நான்னா பொறுக்க மாட்டேன்."

செவ்வாய் மதியம் ஓஸ்மார் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். குழலில் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார். நில்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துக் கத்தியைக் கழுவினாள். இதை அவர்தான் செய்ய வேண்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

அவர் எழுந்து கத்தரியைக் கொதிக்கவைத்தார். பாக்கெட்டின் முனையை வெட்டினார். மூடியைத் திறந்து, மணல் போலிருந்த ஈஸ்ட்டைச் சாற்றின் மேல் பரவலாகத் தூவினார். மூடினார். ஆஸ்பத்திரியில் கோடு விழாத பொட்டலத்தை மறுபடி பெட்டிக்குள் வைக்கும்போது இருக்கும் அதே நிதானம்.

மறுநாள் விடிந்தபோது குழல் பளக், பளக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஓஸ்மார் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

பதினைந்து நாள் கழித்துப் பாட்டிலில் அடைத்தார்கள். அடைப்பதற்கு முன் ஒரு டம்ளர் பிடித்து இருவரும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தார்கள். நுரை இல்லை. நிறம் தெளிவு.

"சுத்தமா இருக்கு" என்றாள் நில்டா.

"ம்."

"ஒரு குறையும் சொல்ல முடியாது."

"ம்."

"அவனோடது நாக்கு ஓரத்துல லேசாப் பிடிக்கும். கிராம்பக் கடிச்ச மாதிரி."

"ஆமா."

"இதுல இல்ல."

"இல்ல" என்றார் ஓஸ்மார். டம்ளரில் மிச்சம் இருந்ததை அவள் குடித்து முடித்தாள். பிறகு அவர் பாட்டிலை நீட்ட, அவள் மூடியை வைத்து அழுத்தினாள். நாற்பது பாட்டில்.

முடிகிற நேரத்துக்கு வெனான்சியோ வந்தான். கையில் நன்றாகக் கழுவின ஜாடி ஒன்று.

"அடிமண்டில கொஞ்சம் குடு. என்கிட்ட இருந்த பாக்கெட்டக் குடுத்துட்டேன்ல."

"உன்னோடதுதான். எடுத்துக்க" என்றார் ஓஸ்மார். கேனைச் சாய்த்துப் பிடித்தார். வெளிறிய மண்டி கெட்டியாக, மெதுவாக ஜாடிக்குள் இறங்கியது. ரொட்டி வாசனை அடித்தது. வெனான்சியோ மூடியைத் திருகிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்தான். ஜாடியைத் துடைத்து, பேனாவை வைத்துக்கொண்டு, எழுதாமல் நின்றான்.

"என்ன எழுதட்டும்? வாங்கிட்டுப் போறவன் கேப்பான். எப்பவும் போல எலிசேயோ பேரையே எழுதவா?"

ஓஸ்மார் நில்டாவைப் பார்த்தார். அவள் கேனின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். தேதிய எழுது" என்றார்.

"எந்தத் தேதி?"

"இன்னைக்குத் தேதிதான்."

வெனான்சியோ எழுதினான். மை காயும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.